சூடு ஆறும்வரை

"ஆஃப் பண்ணுங்க… ஏங்க, வண்டிய ஆஃப் பண்ணுங்க!"

"ஆஃப் பண்ணா மறுபடி ஸ்டார்ட் ஆவாதுங்க!"

"ஆவாட்டி போவட்டும்! பட்டுங்க இது… பட்டு!"

இரண்டு கைகளையும் அகல விரித்தபடி அவன் வண்டிக்கு முன்னால் ஓடிவந்து நின்றான். ஷாரோன் பிரேக்கை மிதித்தாள். அந்தப் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி முனகிக்கொண்டே நின்றது. ஆனால் புகை நிற்கவில்லை. இரட்டைச் சைலென்சரிலிருந்து கிளம்பி, அவள் தோளைத் தாண்டி, சாவகாசமாக முன்னால் மிதந்து போனது.

அப்போதுதான் அவள் பார்த்தாள். பிள்ளையார்பாளையத்தின் அந்தக் குறுகலான தெருவில், வாசல்களின் நீளத்துக்கு, இடுப்பு உயரத்தில் பாவு நீட்டியிருந்தார்கள். தறியில் ஏறப்போகும் நீள நூல் மொத்தமும் மாம்பழ மஞ்சளில், விடியற்காலைக் காற்றில் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது அவளுடைய புகை.

சாவியைத் திருப்பினாள். தெரு சட்டென்று அமைதியானது.

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் புகையை விசிறி விரட்டினான். பிறகு குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு கண்ணால் இழைகளின் நீளத்துக்கும் பார்த்தான். அத்தனை ஆயிரம் இழைகளிலும் ஒன்றுக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை போலிருக்கிறது. மூடிய கண் திறந்தது. அந்த இரண்டு கண்களும் அப்படியே அவள் பக்கம் திரும்பின…

கோபமான கண்கள்தான். ஆனால் கோபத்தில்கூட எதையோ கவனமாக எண்ணிப் பார்க்கிற மாதிரி ஒரு நிதானம் அவற்றில் இருந்தது. ஷாரோனுக்கு ஏனோ ஹெல்மெட்டைக் கழற்றுவதா வேண்டாமா என்று குழப்பம் வந்துவிட்டது.

"டேய் லோகேசு!" வாசற்படியிலிருந்து ஒரு பெண் குரல். "யார்ரா அது, கொசு மருந்து அடிக்கிறவனா?"

"இல்லம்மா. ஒரு பொண்ணு."

"பொண்ணா? பொண்ணுக்கு ஏன்டா இம்மாம் புகை?"

ஷாரோன் முகம் சிவக்க, கியர் போடும் கம்பியை உள்ளே அழுத்தி மேலே தூக்கினாள். அந்த ரக வண்டியில் அதுவேதான் கிக்கர். உதைத்தாள். ஒன்றுமில்லை. மறுபடி உதைத்தாள். ம்ஹூம்…

"இன்னாங்க ஆச்சி?" என்றான் லோகேஷ். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"சொன்னேனே… சூடா இருந்தா ஸ்டார்ட் ஆவாது. ஆறணும்."

"எவ்ளோ நேரம்?"

"அது… ஆறுற வரைக்கும்."

"இன்னாங்க இது, வண்டியா பால் பாயசமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். அந்த நேரம் பார்த்து அவள் கையில் ஒரு துளி விழுந்தது. இன்னொன்று பெட்ரோல் டாங்கின் மேல் 'டங்' என்றது.

தெருவே எழுந்து ஓடியது. பட்டில் மழை படக்கூடாது. பாவின் அந்த முனையில் இரண்டு பேர் சுருட்ட ஆரம்பித்தார்கள். இந்த முனையில் லோகேஷ் தனியாக நின்றான்.

"ஏங்க, பாத்துக்கினு நிக்கிறீங்களே… வந்து புடிங்க!"

ஷாரோன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். விரல் நுனி முதல் மணிக்கட்டு வரை கறுப்பு கிரீஸ்.

"அய்யய்யோ! தொடாதீங்க!"

அவள் ஒரு கணம்தான் யோசித்தாள். பையிலிருந்த மழைக்கோட்டை உருவி, சுத்தமான உள்பக்கம் பட்டின் மேல் படும்படி விரித்து, முழங்கைகளால் இரு ஓரத்தையும் தாங்கிக்கொண்டாள். பாவு அதன் அடியில் மெல்ல மெல்லச் சுருண்டு அவனிடம் போனது. மழை அவள் முதுகில் இறங்கியது. சுருட்டி முடித்து நிமிர்ந்தபோது அவன் கண்கள் வெகு அருகில் இருந்தன. இமை முடியில் ஒரு மழைத்துளி, விழவா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது…

அன்று வண்டி ஆறும்வரை, லோகேஷின் அம்மா கலைவாணி அவளைக் கூடத்தில் தறிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து டீ கொடுத்தாள். "சேரு மேல கைய வெக்காதமா, கறையாயிடும்" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தாள்.

---

ஷாரோனின் வீடு செவிலிமேட்டில். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் அவளுக்குத் தர சோதனை வேலை. ஒரு நட்டை இறுக்கிவிட்டு, இறுக்கினோமா என்று திரும்ப வந்து தொட்டுப் பார்க்கிறவள். தன்மேல் அவளுக்கு அவ்வளவு சந்தேகம். அதனாலேயே தப்பான பாகத்துக்கு அவள் கையால் ஒருநாளும் 'ஓகே' ஸ்டிக்கர் விழுந்ததில்லை.

அந்த வண்டியைக் காயலான் கடையிலிருந்து வாங்கி வந்தபோது அதில் கோழி முட்டையிட்டிருந்தது. வீட்டு போர்ட்டிகோவில் வைத்துத் துருவைச் சுரண்டினாள், பெட்ரோல் டாங்கைக் கழுவினாள், இன்ஜினைப் பிரித்துக் கோர்த்தாள். உயிர் வந்துவிட்டது. இந்த ஒரு வியாதிதான் மிச்சம். குளிர்ந்திருந்தால் முதல் உதையிலேயே கிளம்பும். சூடாகி ஒருமுறை நின்றால், அவ்வளவுதான்.

சரிபார்ப்பதில் அவளுக்கு ஒரு முறை உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மற்றதெல்லாம் போன தடவை இருந்தபடியே இருக்க வேண்டும். அப்போதுதான் எதனால் சரியானது என்று தெரியும். ஆகவே… அதே ஞாயிற்றுக்கிழமைக் காலை, அதே சாலை, அதே தெரு. அதே இடத்தில் வண்டியை அணைத்துப் பார்க்க வேண்டாமா? முறை என்றால் முறைதானே! இப்படித்தான் ஷாரோன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"இந்த வாரம் இன்னா மாத்துனீங்க?" லோகேஷ் டீயோடு வருவான்.

"பிளக்."

"ஆறணுமா?"

"ஆறணும்."

அடுத்த வாரம் கார்புரேட்டர் ஊசி. அதற்கும் அடுத்த வாரம் காயில். தெருவில் நீட்டியிருந்த பாவின் நிறமும் மாறிக்கொண்டே வந்தது. அரக்கு, கிளிப்பச்சை, கத்திரிப்பூ… மாறாதது இரண்டுதான். கிளம்பாத வண்டி, பாவின் முனையில் நிற்கும் லோகேஷ்.

"உங்களுக்குப் போர் அடிக்கலையா, இதையே பாத்துக்கினு?" என்று ஒருமுறை கேட்டாள்.

"நூல் அறுந்தா நாங்க இன்னா பண்றோம்? எது அறுந்துச்சின்னு தேடிக்கினேதான இருக்கோம். உங்களுக்கு இன்னும் கெடைக்கல. அவ்ளோதான்."

"கெடைக்காமலே போச்சின்னா?"

"கெடைக்கும். உங்க கையப் பாத்தாலே தெரியுது… பொறுமையான கை." சொல்லிவிட்டு, என்ன சொன்னோம் என்று அவனே விழித்தான். "கிரீஸ்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

அன்று சர்ச்சில் ஜெபத்துக்காகக் கை கூப்பியபோது, நகக்கண்ணில் ஒட்டியிருந்த கறுப்பைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா இடித்தாள்.

---

தீபாவளி நெருங்கிய ஒரு சாயங்காலம் அது கிடைத்தது.

பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் சாய்த்து உதைத்துப் பார்த்தாள். குளிர்ந்தபோது நீலமாகத் தெறித்த பொறி, சூட்டில் செத்துப்போய் மஞ்சளாக மினுங்கியது. மீதி இருந்தது கண்டென்சர் ஒன்றுதான். சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு தகர டப்பி. புதிதாக வாங்கி வைத்திருந்ததை மாட்டினாள். ஏரிக்கரை வரை ஓட்டிச் சூடாக்கி, வாசலில் அணைத்தாள். உதைத்தாள்.

ஒரே உதை!

மறுபடி அணைத்தாள். மறுபடி ஒரே உதை. வண்டி தடதடவென்று சிரித்தது.

குதித்திருக்க வேண்டும். அவளோ போர்ட்டிகோ படியில் உட்கார்ந்துவிட்டாள். வண்டி இனி எங்கேயும் நிற்காது… அந்தத் தெருவிலும் நிற்காது. நிற்காத வண்டிக்கு டீ எதற்கு? 'இந்த வாரம் இன்னா மாத்துனீங்க' என்று யார் கேட்பார்கள்? சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வருமா? அவன் பாட்டுக்கு ஒரு மரியாதைக்கு டீ கொடுத்தவனாக இருந்தால்…?

வெகுநேரம் யோசித்தாள். பிறகு யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிலும் பார்த்துவிட்டு, புதிய கண்டென்சரைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றித் தோள்பையில் வைத்தாள். பழையதை, கெட்டுப்போனதை, எடுத்து மாட்டினாள்.

இன்னும் ஒரே ஒரு ஞாயிறு, என்று சொல்லிக்கொண்டாள். அந்த ஞாயிறு போனது. இன்னொன்றும் போனது.

தீபாவளி முடிந்து வந்த ஞாயிறு, பாவின் முனையில் லோகேஷோடு காக்கிச் சட்டைக்காரர் ஒருவரும் நின்றிருந்தார்.

"மணிவண்ணன் அண்ணன்," என்றான் லோகேஷ், முகமெல்லாம் மலர்ச்சியாக. "பஸ் ஸ்டாண்டாண்ட கடை. பழைய வண்டின்னா ஊர்ல இவருதான். உங்களுக்காகத்தான் இட்டாந்தேன்."

ஷாரோன் வாயைத் திறப்பதற்குள் மணிவண்ணன் இன்ஜின் மூடியைத் திறந்துவிட்டார். எட்டிப் பார்த்தார். சிரித்தார்.

"பாயிண்ட்டு கருகிக் கெடக்குது பாரு. கண்டென்சர் பூட்ச்சிமா. பாத்தாலே தெரியுதே! இத்தக் கண்டுபுடிக்கத் தெரியாமயா வாராவாரம் ஒண்ணொண்ணா மாத்திக்கினு கெடந்த?"

தெருவில் யாரோ சிரித்தார்கள். அது போகட்டும். லோகேஷ் சொன்னதுதான் தாங்கவில்லை.

"உடுங்கணா… கத்துக்கினுதான இருக்காங்க."

கத்துக்கினுதான இருக்காங்க! எவ்வளவு அன்பாகச் சொன்னான்… அந்த அன்புதான் சுருக்கென்றது. தோள்பையில் கைக்குட்டை கனத்தது. இதோ, என்று எடுத்துக் காட்டினால் அவள் வேலை தெரிந்தவள் என்று புரிந்துவிடும். அவள் எதற்காக வந்தாள் என்பதும் தெருவுக்கே தெரிந்துவிடும். எடுக்காவிட்டால்… வண்டி தெரியாத பெண்ணாகவே இவன் கண்ணில் நிற்க வேண்டும்.

"என் வண்டியைத் தொறக்கச் சொல்லி யாராச்சும் கேட்டாங்களா?" என்றாள்.

"ஷாரோன், ஒரு உதவிதான…"

"நான் உதவி கேட்டேனா உங்கள?"

மூடியைப் பொருத்தித் திருகினாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். தூறல் பிடித்தது. பாதி வழியிலேயே இன்ஜின் ஆறியிருக்கும். உதைத்திருந்தால் கிளம்பியிருக்கும். அவள்தான் ஆறவில்லை. செவிலிமேடு வரை தள்ளிக்கொண்டே போனாள்.

அதன்பிறகு வந்த ஞாயிறுகளில் அவள் எல்லோருக்கும் முன்னால் சர்ச்சுக்குப் போய் உட்கார்ந்தாள். "உடம்பு கிடம்பு சரியில்லையாடி?" என்று அம்மா கவலைப்பட்டாள்.

---

கார்த்திகை மழை. போர்ட்டிகோவில் வண்டியை வெறுமனே துடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு குடை வந்து நின்றது. குடைக்குக் கீழே லோகேஷ். பேன்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது.

"டவுன் பஸ்ல வந்தேன்," என்றான். "பழைய வண்டி ஓட்டுற பொண்ணு ஊடு எதுன்னு கேட்டேன், காட்டிட்டாங்க."

உள்ளே அப்பா அந்தோணி டி.வி. சத்தத்தைக் குறைத்தார். ஷாரோனுக்குக் கேட்டது.

"மணி அண்ணனக் கூப்ட்டது என் தப்புங்க. அது உங்க வேலை. நடுவுல நான் பூந்திருக்கக் கூடாது." சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து நீட்டினான். "கண்டென்சர். நீங்களே மாட்டிக்கங்க. நான் யாருகிட்டயும் சொல்லல… நீங்களே கண்டுபுடிச்ச மாரியே இருக்கட்டும்."

நீங்களே கண்டுபிடித்த மாதிரி…

வாங்கிக்கொள்ளலாம். மாட்டி, உதைத்து, 'அட!' என்று ஆச்சரியப்பட்டுக் காட்டலாம். அவன் சந்தோஷமாகப் போவான். எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அது கெட்ட பாகத்தின் மேல் அவள் கையால் ஒட்டும் 'ஓகே' ஸ்டிக்கர்.

ஷாரோன் எழுந்து உள்ளே போனாள். தோள்பையோடு திரும்பி வந்து, கைக்குட்டையைப் பிரித்து, அவன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது இன்னா?" என்றான்.

"கண்டென்சர்."

"எப்ப வாங்குனீங்க?"

"தீபாவளிக்கு முன்னாடியே."

லோகேஷ் ஒரு கண்ணை மூடினான். இழை பார்க்கிற பார்வை. "அப்போ… மணி அண்ணன் சொல்றதுக்கு முன்னாடியே…"

"கண்டுபுடிச்சிட்டேன். மாட்டியும் பாத்துட்டேன். சூட்டுல ஒரே உதையில ஸ்டார்ட் ஆச்சி."

"அப்புறம் ஏங்க அன்னிக்கி நின்னுச்சி?"

"கழட்டிட்டேன். பழையதையே மாட்டிட்டேன்."

"ஏன்?"

மழை கூரைத் தகரத்தில் கொட்டியது. அவள் அவனைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு இந்த வண்டிய சரி பண்ணத் தெரியும் லோகேஷ். அது மட்டும் உங்களுக்குத் தெரியணும். சரியாயிட்டா… உங்க தெருவுல நிக்கிறதுக்கு எனக்கு ஒரு காரணமும் இல்லாம பூடும். அதான் நானே கெடுத்தேன்."

சொல்லிவிட்டாள். காது இரண்டும் சுட்டன. சொல்லியிருக்கக் கூடாதோ? இன்னும் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாமோ?

"ஷாரோன்," என்றான் மெதுவாக. "ஒரு பாவு நீட்டுனா, அத்தத் தறியில நெய்ஞ்சி முடிக்கவே மாசக்கணக்கு ஆவும். வாராவாரம் எங்க ஊட்டுக்குப் பாவு எங்கேர்ந்து வரும்னு நீங்க யோசிக்கவே இல்லியா?"

அவள் நிமிர்ந்தாள்.

"அந்த மஞ்சப் பாவு மட்டுந்தான் எங்களுது. மத்ததெல்லாம் எதிர்வூடு, பக்கத்து வூடு… யாரும் கூப்டாமயே போயி புடிச்சேன். 'இன்னாடா லோகேசு, திடீர்னு தர்மவான் ஆயிட்ட'ன்னு தெருவே கேக்குது."

அத்தனை வாரம், அத்தனை நிறம்! எல்லாவற்றையும் சரிபார்த்தவள் இதை மட்டும் சரிபார்க்கவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. புறங்கையால் கண்ணைத் துடைத்ததில் கன்னத்தில் கிரீஸ் கோடு விழுந்தது. அவன் கை அதைத் துடைக்க நீண்டு… ஜன்னல் பக்கம் அந்தோணி இருமியதும் சட்டென்று குடைக்கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"எனக்கு உங்களப் புடிக்கும்," என்றான், குடையைப் பார்த்துக்கொண்டே. "ரொம்ப."

"உங்க அம்மா?" குரல் இறங்கிக் கேட்டாள். "நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. உங்க தெருவுல…"

"தெரியும். அம்மாகிட்ட சொல்லிட்டுதான் வந்தேன். இன்னும் ஒண்ணும் பேசல. ஆனா பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துக் குடுத்தாங்க." சிரித்தான். "லேசுல ஆவாதுதான். நான் பேசுறேன். உங்க அப்பாகிட்டயும் பேசுறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு… ஞாயித்துக்கெழம வருவீங்களா?"

ஷாரோன் குனிந்து, தன் கைக்குட்டையிலிருந்த கண்டென்சரை எடுத்து மாட்டினாள். திருகாணியை இறுக்கினாள். திரும்பத் தொட்டுப் பார்க்கவில்லை.

"வருவேன். ஆனா இனிமே வண்டி உங்க தெருவுல நிக்காது."

லோகேஷின் முகம் வாடியது. "பின்ன?"

"நான் நிறுத்துவேன்."