பத்தாவது உதை

நாலு நாளாக லோகேஸ்வரிக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. கதவுக்கு வெளியே கணவன் யுகேந்திரன் வைத்துவிட்டுப் போகும் இஞ்சி ரசம் வெறும் சூடாகத் தொண்டையில் இறங்கியது. கைக்குட்டையில் தடவிய தைலம் கண்ணைத்தான் எரித்தது. வெயில் ஏற ஏறப் பண்டமாரான் கால்வாய் நாறும் என்பதுகூட நினைவில் மட்டும் இருந்தது. அதனால் ஐந்தாம் நாள் காலை கண் விழித்தபோது, அறையில் பால் மணந்ததை அவளால் நம்ப முடியவில்லை.

காய்ச்சிய பாலின் மணம் அல்ல. கைக்குழந்தையின் கழுத்து மடிப்பில், கக்கிய பால் காய்ந்து புளிக்கத் தொடங்கும்போது வருமே, அது.

அவள் முப்பத்தைந்து வாரக் கர்ப்பிணி. இன்னும் பால் சுரக்கவில்லை. தலையணையை முகர்ந்தாள். ஒன்றுமில்லை. போட்டிருந்த நைட்டியை முகர்ந்தாள். ஒன்றுமில்லை. சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபோது மட்டும் மணம் கூடியது. அங்கே தொட்டில் தொங்கியது.

கூரைக் கொக்கியில் ஒரு நீண்ட ஸ்பிரிங், அதன் முனையில் நீலக் கட்டம் போட்ட சாரோங் கைலி. யுகேந்திரன் போன மாதமே மாட்டிவிட்டான். அவன் போர்ட் கிள்ளானில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். ஏணியிலிருந்து இறங்கியதும், "இதுல லோரியே தொங்கலாம் லா," என்றான். ஆனாலும் எடை ஏற்றிப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டான். சுங்கை வேயிலிருந்து வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்த அவனுடைய அம்மா இராஜம்மா, வெறும் தொட்டில் ஆடக் கூடாது என்று பதறினார்.

பேரிடும் நாளில் அம்மியின் குழவிக்கல்லைக் கழுவித் துணி சுற்றி முதலில் தொட்டிலில் கிடத்துவது அந்தக் குடும்பத்து வழக்கம். பிள்ளை கல்லைப் போல் உறுதியாக இருக்க வேண்டும் என்று. கல்லை எடுத்த பிறகுதான் பிள்ளையைப் போடுவார்கள். யுகேந்திரனுக்கு அதில் முதல் பாதிதான் நினைவிருந்தது. மூன்று கிலோக் கல்லை ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றித் தொட்டிலுக்குள் வைத்தான். உளியால் கொத்திய அந்தக் கல்லின் ஒரு முனையில், எவ்வளவு தேய்த்தாலும் போகாத மஞ்சள் கறை இருந்தது. ஸ்பிரிங் தாங்கியது. கல்லை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. பிறகு லோகேஸ்வரிக்குக் கொரோனாக் காய்ச்சல் வந்தது. கர்ப்பிணி அறைக்குள்ளும், தொற்று இல்லாத கணவன் கூடத்திலும் என்று வீடு இரண்டாகப் பிரிந்துபோனது.

இப்போது, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சாரோங் உள்ளிருந்து ஒருமுறை புடைத்தது. ஸ்பிரிங் மெல்ல முனகியது. அடங்கியது. மறுபடியும் ஒருமுறை.

இரண்டு.

விசிறி ஓடவில்லை. சன்னல் மூடியிருந்தது.

லோகேஸ்வரி கட்டிலோரத்தில் கிடந்த இளஞ்சிவப்புப் புத்தகத்தைப் பார்த்தாள். கிளினிக்கில் கொடுத்தது. அதில் வயிற்றுப் பிள்ளையின் உதைகளைக் குறிக்கும் அட்டவணை இருந்தது. காலை ஒன்பதுக்கு எண்ணத் தொடங்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு கிளினிக் தாதி மிஸி ஜுபைதா போன் செய்வார். பத்து உதைக்குக் குறைந்தால் ஆம்புலன்ஸ் அனுப்புவார். மருத்துவமனையில் படுக்கை இல்லாத ஆகஸ்ட் மாதம் அது. காய்ச்சல் லேசாக இருந்ததால்தான், உதையைத் தவறாமல் எண்ண வேண்டும் என்ற நிபந்தனையோடு, அவளை வீட்டில் விட்டிருந்தார்கள்.

"கிருமி சில சமயம் அம்மாவை விட்டுட்டு நஞ்சுக்கொடியப் புடிச்சுக்கும்மா," என்று முதல் நாளே மிஸி சொல்லியிருந்தார். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. புள்ளைக்குத்தான் தெரியும். அதுக்கு வாயில்ல. உதைச்சுத்தான் சொல்லும்."

நேற்று எட்டு உதைதான் வந்தது. லோகேஸ்வரி பத்து என்று சொல்லிவிட்டாள். வராத இரண்டு உதைக்கும் கட்டத்தில் கோடு போட்டாள்.

காரணம் மூன்றாம் மாடி ஷாமினி. போன மாதம் வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்து ஷாமினியை ஏற்றிக்கொண்டு போனதை பிளாக் முழுக்க நின்று பார்த்தது. மயக்கம் கொடுத்துப் பிள்ளையை எடுத்தார்கள். பதினொரு நாள் கழித்து அவள் கண் விழித்தபோது பிள்ளையை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். முகம் எப்படி இருந்தது என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. மாலையில் நடைபாதையில் நின்றுகொண்டு, யாரைப் பார்த்தாலும், "மூக்கு என்ன மாதிரி இருந்திருக்கும் அக்கா?" என்று கேட்பாள்.

அந்த மருத்துவமனைக்குப் போகக் கூடாது. அது ஒன்றுதான் லோகேஸ்வரிக்கு. பிள்ளை தன் கண் முன்னால் பிறக்க வேண்டும்.

கதவு தட்டப்பட்டது. "லோகா, ரசம் வெச்சிருக்கேன்."

"ஏங்க, அந்தத் தொட்டிலக் கழட்டிருங்களேன்."

"உள்ள வந்தா எனக்கும் பிங்க் வளையல் மாட்டிருவாங்க. நாலு நாளு பொறு. நீ கைய வெக்காத, மூணு கிலோ இருக்கு."

அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்களுக்கு நடுவே, தனிமைப்படுத்தலுக்கான இளஞ்சிவப்புப் பட்டை.

"உள்ள என்னமோ அசையுதுங்க."

"காத்து லா." பிறகு அவன் சிரித்தான். "இல்லன்னா உன் புள்ள அட்வான்ஸா வந்து எடம் புடிச்சிருச்சு."

அவன் போனதும் எழுந்து, கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டாள். யார் வந்தாலும் தன்னைக் கேட்காமல் உள்ளே வரக் கூடாது.

அன்று மதியம் வரை வயிற்றில் மூன்று உதை. அப்புறம் எதுவும் இல்லை. குளிர்ந்த மைலோ குடித்துப் பார்த்தாள், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள், வயிற்றைத் தட்டிக் கூப்பிட்டாள். நான்கு மணிக்கு மழை பிடித்தது. சன்னலுக்கு மேலிருந்த தகரத்தில் மழை கொட்டும் சத்தத்தில் கண்ணயர்ந்துவிட்டாள். தூங்கும்போது உதைத்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஆறு மணி. போன்.

"வெரல்ல மாட்டுற மெஷின் எவ்ளோ காட்டுது?"

"தொண்ணூத்தேழு, மிஸி."

"உதை?"

சன்னலோரத்தில் சாரோங் அசையாமல் தொங்கியது.

"பத்து."

"அல்ஹம்துலில்லாஹ். என் லிஸ்ட்ல உங்க பேரு ஒண்ணுதான் நிம்மதி. மத்தவங்கள நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது."

ஏழு கோடுகளை அவள் சும்மா போட்டாள். பேனா கையில் வழுக்கியது.

ஆறாம் நாள் ஒன்பது மணி அடித்ததும் தொட்டில் உதைத்தது.

இந்த முறை ஸ்பிரிங்கின் வேலையும் இல்லை, காற்றும் இல்லை. துணியின் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன மேடு எழுந்து, ஒரு கணம் நின்று, உள்ளே போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அது உதைக்கும் போதெல்லாம் பால் மணம் கொஞ்சம் கூடியது. அதனுள் வேறொரு மணமும் இருந்தது. அரைத்த மஞ்சள். மற்ற எதையும் முகர முடியாத மூக்கு அந்த இரண்டை மட்டும் பிரித்துப் பிரித்துக் காட்டியது. வேண்டாம் வேண்டாம் என்றாலும் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

தொட்டிலில் ஏழு. வயிற்றில் மூன்று.

மாலை வரை அவ்வளவுதான். ஏழும் மூன்றும் பத்து. மிஸி கேட்டபோது, "பத்து," என்றாள். முதல் முறையாக அவள் குரல் நடுங்கவில்லை. சொன்னது பொய் இல்லை என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான் தான் நினைத்தது என்ன என்று புரிந்தது.

போனை வைத்ததும் எழுந்து தொட்டிலருகே போனாள். துணிக்கு மேலாகவே கையை வைத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

கையை இழுத்துக்கொண்டாள். அந்தக் கையாலேயே வயிற்றைத் தொட்டாள். வயிறு சில்லென்றிருந்தது.

ஏழாம் நாள் விடிந்தும் அவள் எழவில்லை. இடப்பக்கமிருந்து வலப்பக்கம் திரும்பிப் படுத்தாள். உள்ளே ஏதோ ஒன்று, அவள் திரும்பி முடித்த பிறகு, தனியாக உருண்டு வந்து கீழ்ப்பக்கம் விழுந்தது. கனமாக. உயிருள்ள எதுவும் அப்படி விழாது.

ஒன்பது மணி. பத்து மணி. பதினொன்று.

வயிற்றில் ஒன்றுமில்லை.

தொட்டிலிலும் ஒன்றுமில்லை. காத்திருப்பது போல.

ஷாமினி, வெள்ளை உடுப்பு, நடைபாதை முழுக்க எட்டிப் பார்க்கும் முகங்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன. அவளே மிஸிக்குப் போன் அடித்தாள்.

"மிஸி, உதை இல்ல. ஒண்ணுகூட இல்ல."

"எப்பலேர்ந்து?"

"மூணுதான் நேத்து. முந்தாநாளும் மூணுதான்."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"பத்துன்னு சொன்னீங்களேம்மா."

"பத்துதான். மிச்சம்..." அவள் சன்னல் பக்கம் திரும்பினாள். "மிச்சம் தொட்டில்ல."

"என்னம்மா சொல்றீங்க? சரி, படுத்தே இருங்க. எந்திரிக்காதீங்க. இருவது நிமிஷத்துல வண்டி வந்துரும். கதவத் தொறந்து வைக்கச் சொல்லுங்க."

கதவு. தாழ்ப்பாள். அவள் எழ முயன்றாள். எழ முடியவில்லை. வயிற்றின் கனம் அவளைக் கட்டிலோடு அழுத்தியது. எட்டு மாதச் சுமையை அவளுக்குத் தெரியும். இது அது இல்லை.

சன்னலோரத்தில் ஸ்பிரிங் முனகியது.

ஒன்று.

"ஏங்க!"

இரண்டு. மூன்று.

கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. ஓடி வரும் காலடி. கதவுப்பிடி திரும்பியது, திறக்கவில்லை.

"லோகா! என்ன சத்தம் அது?" யுகேந்திரனின் குரல் உடைந்தது. அச்சத்தில் அல்ல. "குழந்தை அழுவுதே. பொறந்திருச்சா? லோகா, பொறந்திருச்சா? கதவத் தொற!"

அவளுக்கு எந்த அழுகையும் கேட்கவில்லை.

நான்கு. ஐந்து. சாரோங் ஆடத் தொடங்கியது. மேலும் கீழும். பால் மணம். மஞ்சள் மணம். மூச்சு விட இடமில்லாத அளவுக்கு.

"அம்மா, கேளுங்க, கேளுங்க," என்று அவன் வெளியே போனில் கத்தினான். "பேரப்புள்ள சத்தம்!"

ஆறு. ஏழு.

அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தாள். தலை எங்கே என்று தேடினாள். கிளினிக்கில் மிஸி காட்டிக் கொடுத்த மாதிரி, விரல்நுனியால் அழுத்தி, மெதுவாக. தலை இல்லை. முதுகு இல்லை. உருண்டையாக, நீளமாக, இரண்டு முனையும் ஒன்றுபோல. தோலுக்கு அடியில் விரலுக்குச் சொரசொரத்தது. இன்னும் அழுத்தினாள்.

உளியால் கொத்திய குழிகள். வரிசை வரிசையாக.

எட்டு.

கீழே தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம். கதவில் தோள் மோதும் சத்தம். வளையல்கள் வயிற்றின் மேல் கிணுகிணுத்தன.

ஒன்பது.

கல்லைச் சுற்றியிருந்த வெள்ளைத் துண்டு சாரோங்கின் விளிம்புக்கு மேலே வழிந்து தரையில் விழுந்தது. காலியாக.

தொட்டில் நின்றது. அசைவில்லை. ஸ்பிரிங் மட்டும் இழுபட்டு நின்றது. மூன்று கிலோவுக்கு.

நீலக் கட்டத் துணியின் மடிப்பு விலகியது. ஒரு சின்னப் பாதம் வெளியே வந்தது. ஐந்து விரலும் விரிந்து, ஈரமாக. அதன் உள்ளங்காலில், எவ்வளவு தேய்த்தாலும் போகாத மஞ்சள் கறை.

அது அவளைப் பார்த்து உதைத்தது.