நாலு விரல் இடைவெளி

சொடக்குச் சத்தம் நடைவழியிலிருந்து வந்தது. ஹிஸ்கே உரித்த உருளைக்கிழங்கோடு அப்படியே நின்றாள். தீனியைக் கண்டால் வீட்டுத் தொட்டியின் கோமாளி அயிரை மீன்கள் போடுகிற சொடக்கு அது, பத்தொன்பது வருஷமாகக் கேட்ட சத்தம். ஆனால் தொட்டி இருப்பது கூடத்தில்.

மணி ஐந்துதான். நெதர்லாந்தின் வடக்கே, லேயுவார்டனில் டிசம்பர் என்றால் அதற்குள் இருட்டிவிடும். தொட்டிக்குள் ஐந்து மீன்களும், ஒவ்வொன்றும் முழங்கை நீளம், மரக்கட்டைப் பொந்தில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. ஆரஞ்சும் கறுப்புமான பட்டைகள் சாம்பலாக வெளுத்திருந்தன. வாய்கள் அசையவில்லை. ஐந்தும் நடைவழியைப் பார்த்திருந்தன.

நாளைக்கு மீன் வளர்ப்போர் சங்கத்துக்காரர்கள் வருகிறார்கள், ஆளுக்கொரு மீனாக எடுத்துப் போக. புது வீட்டில் இந்தத் தொட்டிக்கு இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் கணவன் சீட்ஸே அதற்காகத்தான் மல்லுக்கு நின்றான்.

"கூட்டமா வாழ்ற ஜீவன் ஹிஸ்கே. தனியா விட்டா ஏங்கியே செத்துடும்."

"மீனுக்காக யாராவது வீடு மாறாம இருப்பாங்களா? போதும் உன் புராணம்."

அதோடு அவன் பேச்சு நின்றது, சாப்பாடும் நின்றது. சோபாவில் ஒருக்களித்து, கண்ணைத் திறந்தபடி கிடந்தான். நாத்தனார் ரென்ஸ்கே போனில் பதறினாள்.

"டாக்டரக் கூப்பிடேன்."

"நம்ம மீனும் இப்படித்தான் செத்த மாதிரி சாஞ்சு கிடக்கும். பசிச்சா எழுந்து வருவான்."

ஹிஸ்கே சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். இப்போது நினைக்க வெட்கமாக இருந்தது.

சோபா காலி. மெத்தையில் அவன் கிடந்த பள்ளம் மட்டும், ஈரமாக.

"சீட்ஸே?"

சொடக்கு.

நடைவழியில் ஈரக் கோட்டுகளின் வாடையோடு தொட்டி அடிமணலின் வாடையும் வந்தது. விளக்கைப் போட்டாள். கோட்டு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. துடைப்பக் குச்சி மட்டுமே நுழையும் இடம்.

உள்ளே சீட்ஸே இருந்தான்.

ஒருக்களித்து. முழுசாக. சாம்பல் நிறத்தில். திறந்த ஒரு கண் அவளைப் பார்த்தது. அதில் வலி இல்லை.

"யாருக்கும் கொடுக்கல," என்றாள். "ஒண்ணைக்கூட கொடுக்கல. வெளிய வா."

உதடுகள் அசைந்தன. சொடக்கு. அவளுக்கு அழுகை வந்தது. ஓடத் தோன்றியது. கால் ஓடவில்லை. ஒரு அடி முன்னால் வைத்தது.

சீட்ஸே இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் படுத்து, அவளுக்கு இடம் விட்டான்.