நான்காவது துரத்தல்

'டக்' என்று ஒரு சத்தம். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

காலடியில் இருந்த கட்டையை மறுபடி மிதித்தார். தேவாலயத்தின் பெரிய குழாய் ஆர்கன் வாயே திறக்கவில்லை. கட்டையிலிருந்து குழாய்க்குப் போகும் மெல்லிய மரக்குச்சி உள்ளே ஒடிந்திருந்தது.

"போச்சு, டோர்த்தே. ஹார்ட்விக் ஐயா இப்ப வந்துடுவார்," என்றார் அப்பா.

இன்று ஹார்ட்விக் முன்னால் அப்பா நன்றாக வாசித்துக் காட்டினால் இந்தத் தேவாலயத்தில் வேலை. வேலையோடு, குளிர்காய அடுப்பு வைத்த வீடும் உண்டு. போன குளிர்காலம் முழுக்கத் தம்பி இருமியே ஓய்ந்துபோனான். டோர்த்தேவுக்கு அந்த அடுப்பு வேண்டும்.

"வேற ஏதாவது வாசிங்களேன்ப்பா."

"நானே எழுதின ஃபியூக் ஒண்ணைத்தான் கேட்டிருக்கார்."

வீட்டில் அதற்குத் 'துரத்தல் பாட்டு' என்று பெயர். ஒரு குரல் மெட்டைப் பாடிக்கொண்டு ஓடும். இன்னொரு குரல் அதே மெட்டோடு துரத்தும். பின்னாலேயே மூன்றாவது. அப்புறம் அப்பாவின் கால்கள் அதையே அடித்தொண்டையில் முழங்கும். அந்த மெட்டின் ஐந்தாவது சுரம்தான் இப்போது ஊமையாகிக் கிடந்தது.

"கால்ல மெட்டு மூணு தடவைதானே வரும்? நான் ஆர்கனுக்குள்ள போய்க் குச்சியோட மேல்பாதியைக் கையால இழுக்கறேன். மிதிச்சது யாரு, இழுத்தது யாருன்னு குழாய்க்குத் தெரியவா போகுது?"

ஆர்கனுக்குக் காற்றடிக்கத் துருத்தி மிதிக்கும் லூடர் எட்டிப் பார்த்தார். "உள்ள ஒரு வண்டி தூசி இருக்கு பாப்பா. தும்மினே, எல்லாம் கந்தல்."

டோர்த்தே அதற்குள் பாதி நுழைந்துவிட்டாள்.

உள்ளே கும்மிருட்டு. ஹார்ட்விக் வந்து பாட்டு தொடங்கியதும் சுற்றிலும் குழாய்கள் அதிர்ந்தன. இதோ, கால் மெட்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, இழு! குழாய் 'பூம்' என்றது. அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. இரண்டாம் தடவையும் சரியாக இழுத்தாள். மூன்றாவதும் முடிந்தது.

அப்பாடா என்று கையை எடுத்து, அரிக்கும் மூக்கைப் பொத்தினாள்.

ஆனால் பாட்டு முடியவில்லை. குரல்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓடின. கீழே மறுபடி மெட்டின் முதல் சுரம் கேட்டது.

'மூணுதானே!'

இரண்டு. மூன்று. இருட்டில் துழாவினாள். நான்கு. குச்சி கையில் சிக்கியது. இழுத்தாள். பூம்!

கடைசி முழக்கம் அடங்கியது. தேவாலயமே அமைதியானது.

"ஹச்சூ!"

"ஆர்கன் தும்முமா, வேடெகிண்ட்?" என்று அப்பாவிடம் கேட்டார் ஹார்ட்விக்.

அப்பா ஆர்கனின் பக்கக் கதவைத் திறந்து, நடந்ததை மறைக்காமல் சொன்னார். டோர்த்தே தலைமுதல் கால்வரை தூசியோடு வெளியே வந்தாள்.

"அந்த நாலாவது தடவையை நான் எதிர்பார்க்கவே இல்லை," என்றார் ஹார்ட்விக்.

"நானும்தான்," என்று அப்பாவை முறைத்தாள் டோர்த்தே.

அப்பா தலையைச் சொறிந்தார். "வாசிக்கற சந்தோஷத்துல கால் தானா போயிடுச்சு. நீ இருக்கேங்கற தைரியம்தான்."

ஹார்ட்விக் சிரித்துவிட்டார். "சரி. உங்க புது வீட்டு அடுப்பு கொஞ்சம் புகையும், பரவாயில்லையா?"

டோர்த்தே தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "பரவாயில்லை ஐயா. அதுக்குள்ளயும் போய்ப் பார்த்துடறேன்."