துணைக்கு வந்தவள்

பிளாஸ்கில் வெந்நீர் பிடித்துக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது, மகளின் ஆஸ்பத்திரி அறைக்குள்ளிருந்து தன் குரலே கேட்டது. "இன்னும் ஒரே ஒரு மடக்கு, என் கண்ணுல்ல" என்று தான் கெஞ்சும் அதே இழுப்பு, நடுவில் மூச்சு வாங்கும் அதே இடம். கதவைத் தள்ளினாள். கட்டிலோரம் உட்கார்ந்து குழந்தைக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தார், துணைக்கு வந்திருந்த மாஸ்க் கட்டிய அக்கா. அவளிடம் எல்லா மருந்தையும் துப்பிவிடும் பிள்ளை, மறுபேச்சில்லாமல் விழுங்கியது.

அக்காவை அழைத்து வந்தது அவள் கணவன்தான். குழந்தையின் ரத்தத்தில் வந்த நோயைப் பற்றி டாக்டர் அவனை மட்டும் தனியே கூப்பிட்டுப் பேசிய வாரம் அது. ஆஸ்பத்திரியில் கிடக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குத் துணையாக இருப்பவர், நீயும் கொஞ்சம் கண்ணயரலாம் என்றான். வந்த அன்றே அக்கா, அவள் சாய்ந்து அழத் தோள் கொடுத்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்: குழந்தையை எப்படிக் கொஞ்சுவாள், என்ன பாட்டுப் பாடுவாள், எந்தப் பக்கம் போட்டுத் தட்டினால் தூங்கும். பாரம் இறங்குகிறது என்று நினைத்து, அவளும் ஒன்று விடாமல் சொல்லித் தந்தாள்.

குழந்தை தேறியது. உதட்டில் நிறம் வந்தது. அவளுக்குத்தான் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்று வந்தது. ஸ்பிரிட் நெடியும் ஏசியின் முனகலும் நிறைந்த அந்த அறையில், தன் தலையணையின் வாசம், தன் உச்சந்தலை வியர்வையின் வாசம், அக்கா குனியும்போதெல்லாம் அக்காவிடமிருந்து வீசியது. தினமும் பார்க்கும் நர்ஸ் அவளை நிறுத்தி, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டாள்.

கணவனிடம் சொன்னாள். தூக்கம் கெட்டதால் ஏதேதோ தோன்றுகிறது, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வா என்றான். அவள் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னான்.

பொழுது சாயத் திரும்பி வந்தாள். அறை உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள். கணவன் ஒருக்களித்துத் திறந்து, வாசலை அடைத்து நின்றான்.

"டாக்டர் அன்னைக்கே கையை விரிச்சிட்டாரு," என்றான். "இவங்கதான் காப்பாத்தித் தரேன்னாங்க."

"பதிலுக்கு?" காற்றாகத்தான் வந்தது.

"அம்மாவா இருக்க விட்டாப் போதும்னாங்க." அவன் தரையைப் பார்த்தான். "நீயா இருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்ப."

சொல்லியிருப்பாள். கேட்டிருந்தால் உயிரையே கொடுத்திருப்பாள். அவன் கேட்கவில்லை.

கதவைச் சாத்தினான். தாழ் விழுந்தது.

அறையின் பக்கவாட்டுக் கண்ணாடிச் சுவருக்கு ஓடினாள். இரண்டு கையாலும் அறைந்தாள். சத்தம் எழவில்லை.

உள்ளே அக்கா மாஸ்க்கைக் கழற்றினார்.

தன் முகம். தன் மூக்கு, தன் மச்சம், அழுது வீங்கிய தன் இமைகள்.

மகள் அந்தக் கன்னத்தைத் தொட்டுச் சிரித்தாள். பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். சிரிப்பு நின்றது.

"அப்பா, அங்க யாரோ நிக்கிறாங்க. முகமே இல்ல."

கணவன் நிமிர்ந்து பார்த்தான். திரையை இழுத்துவிட்டான்.

அவள் மெல்லக் கையை உயர்த்தினாள். மோவாய். அதற்கு மேல் விரல்கள் வழுக்கிக்கொண்டே போயின. நெற்றிவரை எதுவும் தட்டுப்படவில்லை.