கோட்டிங்கனைச் சுற்றிப் போன நூல்

மாத்தளையில் யாராவது வேலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டால், பாதிக்கப்பட்டவர் முதலில் கிராம சேவகரிடம் போவார், பிறகு சட்டத்தரணியிடம் போவார், இரண்டு இடத்திலும் அலுத்த பிறகு சந்திரவதனாவிடம் வருவார். நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர் அவர். நகர்ந்த வேலிகளும் காணாமல் போன எல்லைக் கற்களும் அவருக்குப் பழக்கம். ஆனால் அந்தச் சனிக்கிழமை காலை வந்து நின்ற பெண், தன் வீட்டில் ஜேர்மனி நகர்ந்துவிட்டது என்றாள்.

"முழு நாடுமோ?" என்று கேட்டார் சந்திரவதனா.

"இல்லங்க மிஸ். ஒரு சைக்கிள் பாதை மட்டும்."

சைக்கிள் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், பஸ்லி கையில் ஸ்பானருடன் உள்ளே வந்துவிட்டான். சந்திரவதனாவின் வீட்டு முன்பக்கத்தை வாடகைக்கு எடுத்து சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவன் அவன். துப்புத் துலக்கும் வேலைக்கு அவனை யாரும் கூப்பிட்டதில்லை. வராதே என்று சொல்லத்தான் யாராலும் முடிந்ததில்லை.

வந்தவள் பெயர் அனுஷ்கா. அலுவிகாரையில் வீடு, பாடசாலையில் புவியியல் ஆசிரியை. நாற்காலியைக் காட்டினார்கள், உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னல் வரை போய் வந்தாள். நின்றபடியே கதையைச் சொன்னாள்.

அவளும் அதே பாடசாலையில் கணிதம் படிப்பிக்கும் வித்தியாவும் ஒரு வருடமாக ஜேர்மனியில் சைக்கிளில் போகத் திட்டம் போட்டு வருகிறார்கள். புல்டா என்ற ஊரில் தொடங்கி, ஆற்றங்கரையோடு மியூண்டன் வரை. அங்கிருந்து வேசர் ஆற்றைப் பிடித்துக்கொண்டு பிரேமன் வரை. வழி நெடுக வயல், சின்னச் சின்ன ஊர், சமதரை. வீட்டுக் கூடத்துச் சுவரில் பெரிய வரைபடம் ஒன்றை மாட்டி, இரவு தங்கும் ஊர்களில் குண்டூசி குத்தி, ஒவ்வொன்றிலும் கிழமை எழுதிய சின்னக் கொடி வைத்து, சிவப்பு நூலால் இணைத்திருக்கிறாள்.

"புதன்கிழமை பாத்தா நூல் மாறியிருக்கு மிஸ். மியூண்டன்ல ஆத்த விட்டுட்டுக் கிழக்கால மலைக்கு ஏறுது. டூடர்ஸ்டாட்னு ஒரு ஊரு, நாங்க யோசிச்சுக்கூடப் பாக்கல. அங்க போய்ட்டுத் திரும்ப ஆத்துக்கே வருது. நான் சரி பண்ணி வச்சேன். இன்னைக்கு விடிஞ்சு பாத்தா மறுபடி அதே மாதிரி!"

"ஆரை நினைக்கிறீங்கள்?"

அனுஷ்காவின் முகம் சுருங்கியது. "வித்தியாவத்தான் காலையில போன் பண்ணிக் கேட்டேன். அவ நேத்து வீட்டுக்கு வந்திருந்தா. கேட்டதும் கோவிச்சுக்கிட்டு, நான் வரலன்னுட்டா. திங்கக்கிழமை கொழும்புல எங்க ரெண்டு பேருக்கும் விசா நேர்முகம். அவ வரலன்னா அம்மா என்னையத் தனியா விடமாட்டாங்க. எல்லாம் முடிஞ்சிரும் மிஸ்."

அழுதுவிடுவாள் போலிருந்தது. சந்திரவதனா குடையை எடுத்தார். பஸ்லி அதற்குள் முச்சக்கர வண்டியை இயக்கிவிட்டான்.

"வித்தியா மிஸ்தான் மேடம்," என்றான் அவன், வண்டி ஏ-ஒன்பது வீதியில் ஏறும் முன்பே. "போக விருப்பமில்ல. வாயால சொல்லப் பயம். அதான் நூல்ல வேலயக் காட்டிட்டாங்க."

"றோட்டைப் பாருங்கோ பஸ்லி."

அனுஷ்காவின் தாய் மரிய கொறற்றி வாசலிலேயே நின்றிருந்தார். தோட்டப் பகுதிகளில் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவ மாதுவாக ஓடியாடி ஓய்வு பெற்றவர். அந்த ஓட்டம் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. தேநீர் கொண்டு வந்தார், சீனி கொண்டு வந்தார், கேட்காத தண்ணீரும் கொண்டு வந்தார். சோபாவில் ஜெயகாந்த் இருந்தான். அனுஷ்காவுக்கு நிச்சயம் செய்த மாப்பிள்ளை, மருந்துக் கம்பனி ஒன்றில் வேலை.

"யூடியூப்ல பாத்தா போதாதான்னு நான் அப்பவே சொன்னேன்," என்றான் அவன். "இப்ப பாருங்க, சுவத்துல இருக்கிற ஊருக்கே போய்ச் சேர முடியல."

சந்திரவதனா உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து வரைபடத்தின் முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பஸ்லிக்குக் காலும் கையும் பரபரத்தன. அனுஷ்காவின் சைக்கிளையாவது பார்க்கிறேன் என்று பின்பக்கக் கொட்டிலுக்குப் போய்விட்டான்.

"ஞாயிறு எண்ட கொடி முதல் எங்க இருந்தது?"

"மியூண்டன்ல. இப்ப டூடர்ஸ்டாட்டுக்குப் போயிருச்சு."

"நூல் நீளம் போதாமல் போயிருக்கு. வேற துண்டு ஒண்டு வைச்சு முடிஞ்சிருக்கினம்." முடிச்சு தட்டையாகவும் இறுக்கமாகவும் இருந்தது. இரண்டு முனைகளும் ஒரே அளவில் ஒட்ட நறுக்கப்பட்டிருந்தன. அனுஷ்கா தானே போட்ட மற்ற முடிச்சுகளோ உருண்டு திரண்டு, வால் தொங்கிக் கிடந்தன.

பிறகு சந்திரவதனாவின் விரல் மியூண்டனிலிருந்து கிழக்கே போனது. டூடர்ஸ்டாட்டுக்கு நேர்ப் பாதை ஒன்று இருந்தது. நடுவில் இருந்த கோட்டிங்கன் என்ற நகரத்தை ஊடறுத்துக்கொண்டு அது போனது. நூல் மட்டும் அந்த நகரத்தை நெருங்கியதும் தெற்கே வளைந்து, அதைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் நேர்ப் பாதையில் சேர்ந்தது. அந்த வளைவுக்காகவே இரண்டு குண்டூசிகள் கூடுதலாகக் குத்தப்பட்டிருந்தன.

பஸ்லி சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். "மேடம், அங்க ஒரு பழைய லேடீஸ் சைக்கிள் ஈக்கிது. யாரோ கண்ணாடிய இடது பக்கம் மாட்டி வச்சிருக்காங்க! பின்னால வார பஸ் எப்பிடித் தெரியும்? டயர் மட்டும் கல்லு மாதிரி, நல்லாக் காத்தடிச்சு ஈக்கிது."

"அது அம்மாவோடது," என்றாள் அனுஷ்கா. "ரிட்டயர் ஆனதுல இருந்து யாரும் தொடுறதில்ல."

சந்திரவதனா உருப்பெருக்கியை மடித்துப் பையில் வைத்தார். சுவரில் தொங்கிய குடும்பப் படத்தைப் பார்த்தார். அனுஷ்காவின் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் இளைஞன்.

"இது?"

"அண்ணன். மேர்வின். ஜேர்மனியிலதான் இருக்காரு." அனுஷ்கா குரலைத் தாழ்த்தினாள். "வீட்ல அவர் பேச்சு எடுக்கிறதில்ல மிஸ்."

"எந்த ஊரில?"

"கோட்டிங்கன்."

குசினியில் ஏதோ பாத்திரம் கை நழுவி விழுந்தது.

"நாளைக்குப் பின்னேரம் வாறன்," என்றார் சந்திரவதனா. "வித்தியாவும் கட்டாயம் நிக்கவேணும். நான் கூப்பிட்டதெண்டு சொல்லுங்கோ."

அன்று இரவு பஸ்லி சரியாகத் தூங்கவில்லை. விடிவதற்குள் வித்தியாவை விடுவித்து ஜெயகாந்தைக் குற்றவாளியாக்கி, கடை திறக்கும் நேரத்தில் மீண்டும் வித்தியாவுக்கே வந்து சேர்ந்திருந்தான்.

ஞாயிறு மாலை எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். வித்தியா கதவுக்குப் பக்கத்தில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, எந்த நிமிடமும் எழுந்து போகத் தயாராக இருந்தாள். அனுஷ்காவின் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

"நான் அந்த நூலைத் தொடேல்லை," என்றாள். "அதைச் சொல்லத்தான் வந்தனான்."

"தெரியும்," என்றார் சந்திரவதனா. "அலுவிகாரை ஏத்தத்தில சைக்கிளால இறங்கித் தள்ளிக்கொண்டு வாற பிள்ளை நீங்கள் எண்டு பஸ்லி சொன்னவர். மலைக்குப் பயந்த ஆள் ஆற்றங்கரையை விட்டிட்டு மலையில ஊசி குத்தாது."

பஸ்லி தலையைச் சொறிந்தான். தான் சொன்ன தகவலே தன் கட்சியைக் கவிழ்க்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப நானா?" என்று நிமிர்ந்தான் ஜெயகாந்த்.

"தம்பிக்கு இந்தப் பயணமே பிடிக்கேல்லை. நூலை மாத்தினவர் பயணத்தை நீட்டியிருக்கிறார். போக விடாமல் செய்ய நினைக்கிறவர் நூலை அறுப்பார். இவர் நூல் நீளம் போதாமல் போக, துண்டு தேடி எடுத்து ஒட்டுப் போட்டிருக்கிறார். அது தடுக்கிற ஆளின்ர வேலை இல்லை. போக ஆசைப்படுற ஆளின்ர வேலை."

மரிய கொறற்றி தேநீர்க் கோப்பைகளை எடுக்க எழுந்தார். ஒன்றிலும் யாரும் வாய் வைத்திருக்கவில்லை.

"இருங்கோ அம்மா," என்றார் சந்திரவதனா, மிக மெதுவாக. "அந்த முடிச்சைப் பாத்தன். தட்டையா, வழுக்காமல், முனை ஒட்ட நறுக்கி. பிறந்த பிள்ளையின்ர தொப்புள்கொடியை அப்பிடித்தான் கட்டுவினம், இல்லையா?"

மரிய கொறற்றி கோப்பையோடு அப்படியே நின்றார்.

"அம்மாவா?" என்றாள் அனுஷ்கா. "அம்மா எதுக்கு?"

"முதல்ல நானும் பூசைக்காக எண்டுதான் நினைச்சன். ஞாயிற்றுக்கிழமை மகள் கத்தோலிக்கக் கோயில் இல்லாத இடத்தில நிக்கக்கூடாதெண்டு தாய் மாத்தியிருப்பா எண்டு. ஆனால் மியூண்டனிலயும் கோயில் இருக்கு. அதோட அந்தக் கண்ணாடி இருக்குதே. நாங்கள் இடப்பக்கத்தால ஓடுறம். முந்துற வாகனம் வலப்பக்கத்தால வரும், அதால கண்ணாடியும் வலது கையில. ஜேர்மனியில எல்லாம் மாறி. அங்க ஓடப் போற ஆளுக்குத்தான் கண்ணாடி இடது பக்கம் வேணும். யாரும் தொடாத சைக்கிளுக்குக் காத்தும் அடிச்சிருக்கு. அம்மா பழகிறா."

பஸ்லி நெற்றியில் அடித்துக்கொண்டான். "நான் பாத்துச் சிரிச்சேனே மேடம்!"

"மிச்சம் ஒரு கேள்விதான். கோட்டிங்கனுக்கு இவ்வளவு கிட்டப் போறவ, ஏன் இரண்டு ஊசி கூடக் குத்தி அந்த ஊரைச் சுத்திப் போறா? காலில படக்கூடாத ஒண்டைச் சுத்திப் போறது மாதிரி. அதை அம்மாதான் சொல்லவேணும்."

மரிய கொறற்றி கோப்பையைக் கீழே வைத்தார். இத்தனை நாளும் ஓடிக்கொண்டிருந்த மனுஷி முதல் தடவையாக உட்கார்ந்தார்.

"சாமியாராகப் படிச்ச குருமடத்த விட்டுட்டு, அங்க போய்க் கல்யாணம் கட்டிக்கிட்டான். அவங்க அப்பா அந்தக் கவலையிலயே படுத்துட்டாரு. சாவுக்கும் இவனால வர முடியல. நான் கோவத்துல அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால நின்னு சத்தியம் பண்ணிட்டேன், அவன் இருக்கிற ஊர் மண்ண மிதிக்கமாட்டேன்னு. வாயில வந்துருச்சு. அந்தோனியாருக்கு முன்னால சொன்னத எப்படிங்க மீறுறது?"

"அதான் பக்கத்து ஊரா?" என்று கேட்டார் சந்திரவதனா.

"பெரிய கோயில் இருக்குன்னு இவ போன்லதான் தேடிப் பாத்தேன். ஞாயித்துக்கிழமை பூசைக்கு அவன வரச் சொன்னா, கோயில்ல வச்சுப் பாத்துக்கலாம். கோயில் அவன் ஊர் இல்லையே." அவர் குரல் உடைந்தது. "இந்த மாவட்டத்துல எத்தனையோ புள்ளைகளக் கையில ஏந்தியிருக்கேன். என் புள்ளையப் பாத்து இத்தன வருஷமாச்சு."

"எங்கிட்ட ஏம்மா கேக்கல?"

"எந்த வாயால கேக்கிறது? அவன் பேர இந்த வீட்ல எடுக்காதேன்னு சொன்னவளே நான்தானே. நீயா அந்த நூலப் பாத்து, சரி இந்தப் பக்கமே போவோம்னு சொல்லுவேன்னு நெனச்சேன். நீ என்னடான்னா மறுபடி ஆத்துக்கே இழுத்துக் கட்டிட்ட."

அனுஷ்கா தாயின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஞாயித்துக்கிழமை நான் ஏன் மியூண்டன்ல நிக்கிறேன்னு நெனைக்கிறீங்க? அண்ணன் அங்க வர்றேன்னு சொல்லியிருக்காரு. உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க போகவிடமாட்டீங்கன்னுதான் மறைச்சேன்."

தாயும் மகளும் ஒரே ஆளைப் பார்க்க, ஒரே சுவரில், ஒருவருக்கொருவர் தெரியாமல் பாதை போட்டிருக்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு திட்டு வாங்கியவள் வித்தியா. அனுஷ்கா எழுந்து போய் அவள் கையைப் பிடித்தாள். மன்னிப்பு என்ற சொல் வருவதற்குள் அழுகை வந்துவிட்டது.

"சரி, விடு," என்றாள் வித்தியா, கைப்பையை ஒருவழியாகக் கீழே வைத்து. "நாளைக்குக் கொழும்புக்குப் போகவேணும். கண்ணைத் துடை. அம்மாவுக்கும் விசாவுக்கு வேற நாள் எடுப்பம். பாஸ்போட் இருக்கோ அம்மா?"

"வேளாங்கண்ணிக்குப் போறதுக்கு எடுத்தது இருக்கு."

"அப்ப மலையில அம்மா முன்னால போகட்டும். நான் தள்ளிக்கொண்டு பின்னால வாறன்."

"சைக்கிள்ல போனா கால் மண்ணுல படாதேம்மா," என்றான் பஸ்லி ஆவலாக. "கோட்டிங்கனுக்கு உள்ளாலயே போகலாம்!"

"சிக்னல்ல நிப்பாட்டணுமே தம்பி," என்றார் மரிய கொறற்றி. அழுகைக்கு நடுவே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எழுந்து சுவரருகே போனார். "சத்தியத்தப் பாதர்கிட்டச் சொல்லித் தளத்திக்கலாம். அதுக்கு வழி இருக்கு, எனக்குத் தெரியும். வீம்புதான் விடல." வளைவில் இருந்த இரண்டு குண்டூசிகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். நூல் தளர்ந்து தொங்கியது. அதை இழுத்துக் கோட்டிங்கனுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு, எங்கே குத்துவது என்று தெரியாமல் நின்றார்.

அனுஷ்கா கைபேசியை எடுத்து ஓர் எண்ணை அழுத்தி, தாயின் காதில் வைத்தாள். அங்கே நண்பகலாக இருக்கும். மணி போய்க்கொண்டே இருந்தது. ஜெயகாந்த் விசிறியை நிறுத்தினான்.

"ஹலோ? அனு?"

இவ்வளவு காலமும் மரிய கொறற்றி மனதுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.

"டேய்," என்றார் கடைசியில். "உங்க ஊருக்கு வர்ற பாதையில மேடு ரொம்ப இருக்கா?"

மறுமுனையில், அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படியாக, ஓர் ஆண் குரல் குழந்தையைப் போல விம்மியது.

"இருக்கும்மா. நான் மியூண்டனுக்கே வந்துர்றேன். பின்னால இருந்து தள்ளிக்கிட்டே வர்றேன்."