கையுறைக்காரன்

அன்றைக்கு மூன்று மணி ஆட்டத்தில் கையுறைக்காரனைக் காணவில்லை.

மற்றதெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் இருந்த இடத்திலேயே இருந்தது. சாயம் போன பழைய கார்ட்டூன் நிறங்கள், ஏணிகள், கதவுகள், கால்சட்டை போட்ட இரண்டு வாத்துகள். ஆரஞ்சு வாத்து அவள். நீல வாத்து அவளுடைய அக்கா, வேறோர் ஊரில், வேறொரு கம்ப்யூட்டர் முன்னால். மரச்சுத்தியலால் பீப்பாய்களை உடைத்து, சாவி பொறுக்கி, மாடி மாடியாக ஏற வேண்டும். பின்னாலேயே அந்தக் குண்டு மனிதன் வருவான். வெள்ளைக் கையுறை, ஒரு கைக்கு நான்கே விரல், காதுவரை நீண்ட சிரிப்பு, அவசரமே இல்லாத நடை. நான்கு நாட்களாக ஒரு நொடிகூட அவன் திரையை விட்டு அகன்றதில்லை. இன்று ஆறு மாடி ஏறியாயிற்று. ஆளைக் காணோம்.

காலடி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. தொப். தொப்.

"எங்கக்கா அவன்?" என்று மேஜைமேல் ஸ்பீக்கரில் போட்டிருந்த ஃபோனைப் பார்த்துக் கேட்டாள்.

அக்காவின் நீல வாத்து ஏணியில் ஏறிக்கொண்டே இருந்தது. "வருவான். நீ ஆடு."

காது பரிசோதனை செய்யும் சிறிய கிளினிக் அது. பரிசோதிப்பது அவள் வேலை. டாக்டர் ஐந்து மணிக்குத்தான் வருவார். வரவேற்பில் உட்காரும் பெண் சாப்பிடப் போனால் நாலரைவரை எட்டிப் பார்க்க மாட்டாள். வெளியே மழை பிடித்துக்கொண்டதால் படியேறி வர ஒரு நோயாளியும் இல்லை. ஈரச் செருப்பு வாடையும் மருந்துப் பஞ்சின் நெடியும் கலந்த அந்தக் காலி அறையில், இந்த நான்கு நாட்களும் மூன்று மணிக்காக அவள் காத்துக் கிடந்தாள்.

ஆட்டத்துக்காக அல்ல. அக்காவுக்காக.

அம்மா இறந்த வாரத்தில், கடைசிக் காலத்தில் அம்மாவை யார் பார்த்துக்கொண்டது என்று தொடங்கிய பேச்சு முற்றி, இருவரும் சொல்லக் கூடாததையெல்லாம் சொல்லித் தீர்த்தார்கள். அதன்பிறகு இரண்டு வருடம் ஒரு வார்த்தை கிடையாது. திங்கட்கிழமை திடீரென்று ஒரு லிங்க் வந்தது. கூடவே ஒரு வரி: 'எலிக்காது, இதத் தொறந்து பாரு. ரெண்டு பேர் ஆடலாம்.'

எலிக்காது. குண்டூசி விழுந்தாலும் கேட்டுவிடும் தங்கைக்குச் சின்ன வயதில் அக்கா வைத்த பெயர். கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ப்ரவுசரில் அதைத் திறந்தாள். எதற்கு, ஏன் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

தொப். தொப்.

எரிச்சலாக இருந்தது. கம்ப்யூட்டரில் சத்தத்தை முழுவதுமாகக் குறைத்தாள். ஆட்டத்தின் பாட்டு நின்றது. பீப்பாய் உடையும் ஓசையும் நின்றது.

காலடி நிற்கவில்லை.

ஃபோனிலிருந்தும் வரவில்லை. இடது பக்கத்திலிருந்து வந்தது. அவள் காது பொய் சொல்லாது. இடது பக்கம் இருந்தது பரிசோதனை அறை. அதன் கதவு ஒரு சாண் கனம். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, சுவர் முழுக்கப் பஞ்சு. உள்ளே நின்று கத்தினாலும் வெளியே ஈ பறக்கிற அளவுகூடக் கேட்காது. இப்போது விளக்கணைந்து கண்ணாடி கறுப்பாக இருந்தது.

காலடி நின்றது.

திரையில் நீல வாத்து ஏழாம் மாடிக் கதவைத் தாண்டியது. தாண்டியதும் திரும்பி நின்று, ஒரு பெட்டியை இழுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தது. ஆரஞ்சு வாத்து இந்தப் பக்கம் நின்றுபோனது.

"அக்கா, என்ன பண்றே? நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்."

ஃபோனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும்.

"அக்கா?"

"ரெண்டு மாசமா எங்க வீட்லதான் இருந்தான், எலிக்காது. கட்டில் பக்கத்துலயே நிப்பான். இன்னொருத்தர் ஆட வந்தாத்தான் போவான்."

"யாரு? என்னக்கா உளர்றே?"

"யார் யாருக்கோ அனுப்பிப் பார்த்தேன். யாருமே தொறக்கல." அக்காவின் குரல் உடைந்தது. "நான் கூப்பிட்டா கேள்வி கேக்காம வர்றவ நீ ஒருத்திதானே."

அவள் ஃபோனைக் கையில் எடுத்தாள். "அதுக்குத்தான் கூப்பிட்டியா? இதுக்கு மட்டும்தானா?"

"நேத்துதான் தூங்கினேன்டி," என்றாள் அக்கா. அழுகைக்கு நடுவிலும் அந்தக் குரலில் நன்றாகத் தூங்கி எழுந்தவளின் தெளிவு இருந்தது. "மன்னிச்சிடு."

தொடர்பு அறுந்தது. திரும்ப அழைத்தாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

எழுந்து ஓடி வாசல் கதவின் கைப்பிடியைத் திருகினாள். அந்தப் பக்கம் யாரோ முட்டுக் கொடுத்தது போல் அசையவில்லை. தோளால் இடித்தாள். உள்ளங்கையால் தட்டினாள். மழைச் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கியது. நெஞ்சை அடைத்தது பயம்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. எலிக்காது என்ற அந்தப் பெயரைச் சொல்லித்தானே அக்கா கூப்பிட்டாள். அந்தப் பெயரை.

மேஜையில் ஒரு பச்சை வெளிச்சம் மின்னியது.

பரிசோதனை அறையில் உட்காரும் நோயாளியின் கையில் ஒரு பட்டன் கொடுப்பார்கள். ஹெட்ஃபோனில் ஒலி கேட்டால் அவர் அமுக்க வேண்டும். அமுக்கினால் இங்கே மேஜையில் இந்த விளக்கு எரியும்.

உள்ளே நோயாளி யாரும் இல்லை. காலையிலிருந்தே இல்லை.

கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள். முதலில் கறுப்பு. பிறகு, கறுப்புக்குள் இரண்டு வெள்ளைத் திட்டுகள்.

கையுறைகள்.

நாற்காலி கொள்ளாத உடம்பு. பெரிய தலையில் பிதுங்கி நிற்கும் ஹெட்ஃபோன். சிரிப்பு. சமர்த்தான நோயாளியைப் போலப் பட்டன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, அவன் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கருவி அணைந்திருந்தது. அவள் எந்த ஒலியும் அனுப்பவில்லை.

எச்சில் விழுங்கினாள்.

விளக்கு எரிந்தது.

ஓர் அடி பின்னால் வைத்தாள். எரிந்தது.

வாயைப் பொத்திக்கொண்டாள். மூச்சை அடக்கினாள். அசையவில்லை. இனிமேல் ஒரு சத்தமும் இல்லை. இதயம் மட்டும்தான் அடித்துக்கொண்டிருந்தது.

விளக்கு எரிந்தது. அணைந்தது.

எரிந்தது. அணைந்தது.

எரிந்தது, எரிந்தது, எரிந்தது.