அடிலெய்டு இவ்வளவு பக்கத்தில் இல்லை

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கக் கூப்பிட்டதால், புழுதிப் புயலோடுதான் ஆஸ்திரேலியப் பாலைநிலத்து அந்தக் கிளினிக்குக்குள் நுழைந்தேன். நட்டநடு மதியம், வெளியே வானம் செங்கல் நிறத்தில் இருந்தது. பல்லிடுக்கில்கூட மண். நர்ஸ் கிளெனிஸ் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஆடி அசைஞ்சு வந்துட்டியா கெல்? உள்ள லோர்னாவுக்கு நெஞ்சுவலி. இந்தப் புழுதியில ஆம்புலன்ஸ் விமானம் இறங்காது. அடிலெய்டு டாக்டர் பாஸ்கோ திரையில பாத்துச் சொன்னாத்தான் நான் ஊசி போட முடியும். அந்தாளு மூஞ்சி அடிக்கடி கல்லாட்டம் நின்னுடுது!"

"நீ எதையாவது நோண்டினியா?"

"எனக்கு வேற வேலை இல்லை பாரு!"

நான் நம்பவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லாரும் நோண்டுவார்கள், கேட்டால் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கட்டிலில் லோர்னா கண்மூடிக் கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. டெட்டால் நெடியோடு வேறு ஏதோ வாடை, ஈரத்துணி புழுங்கியதுபோல.

கம்ப்யூட்டரில், வெளி இணைப்பைக் கவனிக்கிற நெட்வொர்க் கார்டின் அமைப்புகளைத் திறந்தேன். அடப்பாவிகளா! மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று கார்டு அடிக்கடி தூங்கி வழிந்துகொண்டிருந்தது. போதாக்குறைக்கு, எவனோ வேகத்தை ஆகக் குறைந்த அளவில் பூட்டி வைத்திருந்தான். இரண்டையும் சரிசெய்தேன். கேபிள் முனையில் பச்சை விளக்கு எரிந்தது.

பாஸ்கோவின் முகம் பளிச்சென்று தெளிந்தது. கிளெனிஸ் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது.

"ஆமா கிளெனிஸ், ஊசியை நிரப்புங்க. முழு அளவு."

"பரவாயில்லையே, தொழில் தெரிஞ்சவன்தான்!" என்றாள் என்னிடம். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்திருந்தது.

எனக்குத்தான் உறுத்தியது. பிங் போட்டுப் பார்க்காமல் நான் எந்த வேலையையும் முடிப்பதில்லை. மறுமுனைக்கு ஒரு குரல் கொடுத்து, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கிற சோதனை அது. அடிலெய்டு வரை போய்த் திரும்ப இருபது மில்லி செகண்டாவது பிடிக்கும்.

ஒன்றுக்கும் குறைவு என்றது திரை.

மறுபடி போட்டேன்.

அதேதான்.

அவ்வளவு சீக்கிரம் பதில் வரவேண்டுமென்றால், மறுமுனை இதே கட்டடத்துக்குள் இருக்கவேண்டும். இங்கே வேறு கம்ப்யூட்டர் கிடையாது.

"கிளெனிஸ்," கிசுகிசுத்தேன். "ஊசியைக் கீழ வை."

"பைத்தியமா உனக்கு? அவ செத்துப்போயிடுவா!"

"இந்த ஆள் அடிலெய்டுல இல்லை."

சுவரில் தொலைபேசி அலறியது. கிளெனிஸ் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாஸ்கோ பேசறேன். காலையில நீங்க லோர்னாவைப் பத்திப் போன்ல சொன்னதிலேர்ந்து ஒரு தடவைகூட உங்க வீடியோ லைன் கிடைக்கலை. இப்ப எப்படி இருக்காங்க? நான் பாக்காம எந்த ஊசியும் போட்டுடாதீங்க."

கிளெனிஸ் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஊசியைத் தட்டில் வைத்தாள்.

கேபிளைப் பிடுங்கினேன். பச்சை விளக்கு அணைந்தது.

முகம் அணையவில்லை.

"பரவாயில்லை கிளெனிஸ்," என்றது மெதுவாக. "நானே போட்டுடறேன். லோர்னா, கையை நீட்டும்மா."

கண்ணைத் திறக்காமலே லோர்னா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டாள்.

தட்டில் ஊசி இல்லை.